ஆளுமைக் கோளாறு: உறவினர் ஆதரவுக் கூட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணர்ச்சிகளும் உறவுகளும் சட்டெனத் தடம்புரளும் மனநலச் சிக்கலான எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (borderline personality disorder) உள்ளவர்களின் உறவினர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கூடத் தொடங்கினால், அந்தக் கூட்டம் எளிதில் வழக்குமன்றமாகிவிடும். மகளின் கோபம், அவள் பட்ட கடன், கையைக் கீறிய தழும்பு எல்லாம் வரிசையாகச் சொல்லப்படும்; கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்; தாயோ அடுத்த சண்டையில் என்ன சொல்வதென்று தெரியாமலே வீடு திரும்புவார்.

அங்கே பேசவேண்டியது வராதவரின் குணத்தைப் பற்றியன்று, வந்தவரின் மறுமொழியைப் பற்றி. தாய் சந்தையால் பிந்தி வந்ததற்கே "என்னை விட்டிட்டுப் போகப்போறியள்" என்று மகள் கத்துகிறாள் என்று கொள்வோம். "செல்லடிக்குள்ளால உயிர் தப்பி வந்தனாங்கள், உனக்கென்ன குறை?" என்பதே வன்னியில் சட்டென வாயில் வரும் பதில். அது நியாயமாகப் பட்டாலும், கைவிடப்படுவோமென்ற அச்சம் இக்கோளாறின் முக்கிய அறிகுறி என்பதால், அவளுடைய பயத்தை இன்னும் கூட்டவே செய்யும். "பிந்திப்போச்சு, பயந்திட்டியோ பிள்ளை?" என்று பயத்தை ஏற்றுக்கொள்வது, கேட்டதற்கெல்லாம் இணங்குவது ஆகாது. இத்தகைய பதில்களைக் கூட்டத்தில் இருவர் இருவராகச் சொல்லிப் பழகலாம். அமெரிக்காவில் உருவாகி, பயிற்சிபெற்ற உறவினர்களே நடத்திவரும் 'ஃபமிலி கனெக்ஷன்ஸ்' என்னும் 12 வார வகுப்பிலும் இவ்வகைத் திறன்களே கற்பிக்கப்படுகின்றன.

எல்லாவற்றையும் போரின் தலையிலோ, செய்வினையின் தலையிலோ, தாயின் வளர்ப்பின் தலையிலோ கட்டுவதும் தவறு. மரபுவழி இயல்பும் சிறுவயதுத் துன்பங்களும் பலவாறு கலந்து இது உருவாகிறது. பெருந்துன்பம் எதையும் காணாத பிள்ளைக்கும் வரலாம். மாத்திரைப் பெயர்களைப் பரிமாறுவதையும் தவிர்க்க வேண்டும். இக்கோளாற்றுக்கென்றே தனி மருந்து இல்லை. முதன்மையானது பேச்சுவழிச் சிகிச்சை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, சாகப்போவதாகச் சொல்பவளைப் பற்றி "சும்மா வெருட்டுறாள்" என்ற பேச்சு. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரே கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கமக்கார வீடுகளில் களைகொல்லியும் பூச்சிமருந்தும் பூட்டுக்குள் இருக்கவேண்டும். ஆபத்து உடனடியானதென்றால் அடுத்த கூட்டம்வரை பொறுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1926 என்ற இலங்கைத் தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

ஒரு குடியேற்றத்துக்குள் எல்லோரும் ஏதோ வழியில் சொந்தமாயிருப்பதால், கூட்டத்தில் சொன்ன கதை ஒரு கலியாணப் பேச்சையே குழப்பிவிடலாம். எனவே கூட்டத்தைச் சொந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பதே நல்லது. வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு அனுப்புவதையும் முதல்நாளே தடுத்துவிட வேண்டும். தாயின் கைப்பேசியை மகளும் எடுத்துப் பார்ப்பாள்.