ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கும் முன்: பீட்டா செல்லுக்கு என்ன செய்யலாம்?

சுகர் என்று தெரிந்த வீட்டுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பாவும் சீக்கிரமே வந்துவிடுகிறது. அந்தக் காசை குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் கட்சி.

கணையத்தில் இன்சுலின் சுரப்பவை பீட்டா செல்கள். ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உள்ளே இழுத்து எரித்து, அதை வைத்துத்தான் எவ்வளவு இன்சுலின் விடுவது என்று அவை கணக்குப் போடுகின்றன. எரியும்போது ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது செல்லைச் சேதப்படுத்தும் வேதித் துணுக்குகள் உண்டாகும். இவற்றை அணைக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். கல்லீரலில் அவற்றை அடக்க கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற என்சைம்கள் தாராளமாக உண்டு, பீட்டா செல்லில் ரொம்பக் குறைவு. அதனால் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் இன்சுலின் ஜீனை இயக்கும் புரதங்கள் குறைந்து, இன்சுலின் குறைந்து, சர்க்கரை இன்னும் ஏறி, செல் மேலும் அடி வாங்குகிறது. டைப் 2, அதாவது பெரும்பாலோருக்கு வரும் வகைச் சுகர், என்று தெரியவரும் நேரத்திலேயே பீட்டா செல்களின் திறன் ஏறத்தாழ பாதியாகியிருக்கும் என்று பிரிட்டனின் யூகேபிடிஎஸ் ஆய்வு கணித்தது. மிச்சப் பாதியைக் காப்பாற்றத்தான் இனி சொல்லும் இவ்வளவும்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் காலை டிபனில். நாலு இட்லி, சாம்பார் என்றால் வழக்கம்போல் சாப்பிடுங்கள், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். 180க்கு மேல் காட்டினால் இன்னொரு நாள் இரண்டு இட்லி, கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மதியம் பொரியலையும் கூட்டையும் முதலில் முடித்துவிட்டு அப்புறம் சோறு. ராத்திரி சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடை, அதற்கு பெசன்ட் நகர் கடற்கரை வரை போக வேண்டாம், மொட்டை மாடி போதும். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள், லோ சுகர் ஆகிவிடும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் வேண்டுமென்றால் நெல்லிக்காய், முருங்கைக்கீரை எல்லாம் கோயம்பேட்டில் குவிந்து கிடக்கிறது, முழுசாகச் சாப்பிடுங்கள். பாட்டில் நெல்லி ஜூஸ் என்றால் லேபிளில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்காமல் வாங்காதீர்கள். சிகரெட்டை நிறுத்துங்கள், அதுவும் ஃப்ரீ ராடிக்கல் புகைதான்.

மாத்திரைக்கு வருவோம். 2000ல் வெளியான ஹோப் ஆய்வில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்த சுகர்காரர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. 2009ல் ஜெர்மனியில் ஆரோக்கியமான இளைஞர்களை உடற்பயிற்சி செய்ய வைத்து, சிலருக்கு மட்டும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் ஈ 400 யூனிட்டும் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. உடற்பயிற்சியில் உண்டாகும் கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல் உடம்புக்குத் தேவையான சிக்னல், அதையும் மாத்திரை அணைத்துவிடுகிறது. இன்னொன்று, வைட்டமின் சி அளவு மிக அதிகமானால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும், அதை நம்பி இன்சுலினை ஏற்றினால் ஆபத்து.

கால் எரிச்சலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் வேறு விஷயம், அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். நீங்களாக வாங்கிய டப்பாக்கள் இருந்தால் அடுத்த செக்கப்புக்கு அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.