பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் வயதைக் கண்டறிவது எப்படி? கடலூர், புதுச்சேரிப் பகுதியில் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

பழைய தொலைக்காட்சிப் பெட்டியை முதன்முதலாக வாங்குபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, வீட்டுக்கு வந்ததும் அதை ஈரத்துணியால் துடைப்பது. நானும் அதைத்தான் செய்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய, ஷட்டர் வைத்த மரப்பெட்டி அது. பின்பலகையின் உட்புறத்தில் யாரோ ஒரு மெக்கானிக் பென்சிலால் எழுதியிருந்தது தேதி என்று எனக்குப் புரிந்தபோது, அதில் பாதி துணியோடு போயிருந்தது. ஆகவே இந்த விளக்கத்தில் துடைப்பது கடைசியில்தான் வரும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஆண்டுகள்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. வண்ண ஒளிபரப்பு 1982இல், அந்த ஆண்டு நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி நாடெங்கும் பேசப்பட்டது. குறைந்த சக்தி ஒலி-ஒளி பரப்பிகள் 1984 வாக்கில்தான் சிறிய நகரங்களை வேகமாக எட்டின. சென்னையிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கடலூர் அதற்கும் தெற்கே. எனவே 1970களில் நம் பகுதியில் தொலைக்காட்சி வைத்திருந்தவர், மாடிக்கு மேல் உயரமான கம்பம் நட்டு, ஆன்டெனாவோடு பூஸ்டரும் வைத்து, புள்ளிகளுக்கு நடுவே படத்தைத் தேடியவராகவே இருந்திருப்பார். "எழுபத்தைந்திலேயே வாங்கியது" என்று ஒருவர் சொன்னால் மறுக்க வேண்டாம். அந்தக் கம்பத்தின் அடையாளம் மாடியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்கே தேடுவது

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தையும், கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கத்துக் காயலான் கடைகளும் போய்ப் பார்க்கத் தக்கவை. ஆனால் கடையை மூடும் நிலையில் இருக்கும் பழைய டிவி மெக்கானிக்குகளிடம்தான் நல்ல பெட்டியும் நல்ல தகவலும் சேர்ந்து கிடைக்கின்றன. வாங்குமுன் பெட்டியின் அடிப்பலகையைப் பாருங்கள். 2011 டிசம்பரில் வந்த தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. ஒட்டுப்பலகை உப்பியிருந்தாலோ, உட்புறத்தில் கிடைக்கோடாக நீர்க்கறை தெரிந்தாலோ, அந்தப் பெட்டி நனைந்திருக்கிறது. கடற்காற்றில் சேசிஸ், அதாவது மின்பாகங்களைத் தாங்கும் உள்சட்டம், துருப்பிடிப்பதும் செம்புக் கம்பி பச்சை பூப்பதும் இயல்பு. அவற்றுக்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம், வாங்காமல் விட வேண்டியதில்லை. கரையான் அரித்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

விற்பவர் "ஓடுகிறதா பார்க்கிறீர்களா?" என்று மின்சாரம் கொடுக்க முனைந்தால் தடுத்துவிடுங்கள். இருபது ஆண்டுகள் தூங்கிய கண்டென்சர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகங்கள்) முழு மின்னழுத்தத்தை ஒரே நொடியில் தாங்காமல் வெடிக்கலாம். அப்படி வெடித்தால், உங்களுக்குத் தடயமாக இருக்க வேண்டிய பாகங்களும் கருகிவிடும்.

பின்பலகையைத் திறக்கும்போது

இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். பிக்சர் டியூப் ஒரு கண்டென்சரைப் போலவே மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் 12,000 முதல் 18,000 வோல்ட் வரையும், வண்ணப் பெட்டியில் 25,000 வோல்ட் வரையும் அங்கே உருவாகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. பழைய பெட்டிகள் பலவற்றில் சேசிஸ் நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருப்பதால், இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே அந்த உலோகச் சட்டம் முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும். குழாயின் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் இருக்கும் முனையை, குழாயின் புறக் கறுப்புப் பூச்சைத் தொட்டுச் செல்லும் கம்பியோடு இணைத்து மின்னிறக்கம் செய்ய வேண்டும்; இதை முதல் தடவை ஓர் அனுபவமுள்ள மெக்கானிக் செய்து காட்ட, அருகில் நின்று பாருங்கள். குழாயை அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. உள்ளே வெற்றிடம் இருப்பதால், உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிப் பின் சிதறும்.

தடயங்களைப் படித்தல்

எதையும் அசைக்காமல், ஒவ்வொரு பலகையையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று பொருள்களைத் தனித்தனியாகத் தேதியிடுங்கள்: பெட்டி, சேசிஸ், பிக்சர் டியூப். இந்த மூன்றும் ஒரே வயதாக இருக்கும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வதால்தான் தொடக்கநிலையாளர்கள் ஏமாறுகிறார்கள்.

முகப்பில் உள்ள பெயர்ப் பலகை ஓரளவுக்கே உதவும். டயனோரா, சாலிடேர் என்றால் சென்னை, கெல்ட்ரான் என்றால் கேரள அரசு நிறுவனம், இ.சி. டிவி என்றால் ஐதராபாத்தின் இ.சி.ஐ.எல். ஆனால் அந்தக் காலத்தில் கிட், அதாவது உதிரிபாகத் தொகுப்பு, வாங்கி உள்ளூரிலேயே செட் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்கள் காலிப் பெட்டியில் எதையும் பொருத்துவார்கள். அசெம்பிள் செட்டுகளைச் சேகரிப்பாளர்கள் இளக்காரமாகப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. உள்ளூர் வரலாறு அவற்றில்தான் அதிகம் இருக்கிறது.

உள்ளே வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்கள்) தெரிந்தால் அவற்றின் பெயரைப் படியுங்கள். பி.எல். 504, பி.ஒய். 88 என்பதுபோல் ஐரோப்பிய முறைப் பெயர் 'பி' எழுத்தில் தொடங்கினால், 300 மில்லி ஆம்பியர் இழையுள்ள வால்வுகளைத் தொடராக இணைத்த தொலைக்காட்சி வகை அது. பி.யூ. 205 டிரான்சிஸ்டர் இருந்தால் கிடைநிலைப் பகுதி, அதாவது படத்தின் வரிகளை இடவலமாக ஓட்டும் பகுதி, வால்வில்லாதது என்று பொருள். பிக்சர் டியூபில் ஏ61 என்று தொடங்கி 'டபிள்யூ' என்று முடியும் பெயர் இருந்தால், 61 சென்டிமீட்டர் மூலைவிட்டம் உள்ள, அதாவது 24 அங்குல, கறுப்பு வெள்ளைக் குழாய்.

ஐ.சி.க்கள் எனப்படும் சில்லுகளின் முதுகில் பெயருக்குக் கீழே பெரும்பாலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 8143 என்றால் 1981ஆம் ஆண்டின் 43ஆவது வாரம். பலகையில் உள்ள இத்தகைய எண்கள் அனைத்தையும் எழுதி, அவற்றுள் மிகவும் பிந்தியதை எடுத்துக்கொண்டால், சேசிஸ் அந்த வாரத்துக்கு முன் முழுமை பெற்றிருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். பழுது பார்த்தபோது மாற்றிய பாகத்தைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அதன் சால்டரிங் மற்றவற்றைவிடத் தடித்தோ வேறு பளபளப்போடோ இருக்கும், சுற்றிலும் சால்டரிங்கில் பயன்படும் ஃபிளக்ஸ் பசையின் பழுப்பான கறை காணப்படும்.

என் மஞ்சக்குப்பம் பெட்டியில் அந்த எண் 8143தான். வீட்டாரோ 1975 என்று சாதித்தார்கள். அடிப்பலகையை மறுபடி பார்த்தபோது, இப்போதைய சேசிஸுக்குப் பொருந்தாத நான்கு திருகு துளைகளும், மேல்பலகையில் வால்வின் சூட்டால் மரம் கறுத்த ஒரு வட்டமும் கண்ணில் பட்டன. வால்வு சேசிஸை எடுத்துவிட்டு யாரோ டிரான்சிஸ்டர் பலகையைப் பொருத்தியிருக்கிறார்கள். மரம் மூத்தது, உள்ளே இருப்பது இளையது. எவ்வளவு மூத்தது என்பதற்கு இன்னும் சான்று இல்லை.

புதுச்சேரிக்கே உரிய ஒரு வகை

சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள், பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள் எப்போதாவது சந்தைக்கு வரும். பின்பலகையில் பிரெஞ்சு வாசகமும், 110, 220 வோல்ட் மாற்றும் திருகியும் இருக்கலாம். பிரெஞ்சு முறையில் படம் நேர் பண்பேற்றம் (வெளுப்புக்கு சிக்னல் வலுக்கும்), ஒலி வீச்சுப் பண்பேற்றம் (ஏ.எம்.), வண்ணம் செகாம் (SECAM) முறை. நம் பழைய ஒளிபரப்பு 625 வரி, எதிர் பண்பேற்றம் (வெளுப்புக்கு சிக்னல் குறையும்), அதிர்வெண் பண்பேற்ற (எஃப்.எம்.) ஒலி, பால் (PAL) முறை வண்ணம். பிரெஞ்சு முறைக்கு மட்டுமே ஆன செட்டில் நம் முறையிலான சிக்னலைக் கொடுத்தால் புகைப்பட நெகட்டிவ் போல வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் தெரியும். அதைப் பழுது என்று நினைத்துப் பலகையைக் கிளறி, அரிய பெட்டியைக் கெடுத்துவிடாதீர்கள்.

காகிதமும் மனிதர்களும்

ரசீது, உத்தரவாத அட்டை, அக்காலத்தில் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்திய தொலைக்காட்சி உரிமப் புத்தகம் ஆகியவற்றைப் பெட்டியோடு சேர்த்துக் கேளுங்கள். உரிமப் புத்தகத்தில் உள்ள அஞ்சல் முத்திரை கடலூர் ஓ.டி.யா (பழைய நகர்), என்.டி.யா (புதுநகர்), புதுச்சேரியா என்பது, வைத்திருந்தவர் எங்கே குடியிருந்தார் என்பதைக் காட்டிவிடும். வீட்டாரிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்பதைவிட "இதில் முதலில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பது பலன் தரும், 1983 கிரிக்கெட் உலகக் கோப்பையோ, 1984இல் இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலமோ நினைவில் நிற்கும்.

மின்சாரம் கொடுப்பது

கடைசியாக, 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு முழுப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். சரியாக வந்தால், செட்-டாப் பாக்ஸின் படத்தை படத்தை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்.எஃப். மாடுலேட்டர் வழியாக வி.எச்.எஃப். சேனலுக்கு மாற்றி, பட்டை ஒயர் முனைகளுக்கு ஏற்ற பாலுன் (வட்டக் கேபிளைப் பட்டை ஒயர் முனைகளோடு பொருத்தும் சிறு மாற்றி) ஒன்றைச் சேர்த்து ஊட்டலாம். அதன் பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள், எழுத்துள்ள இடங்களை விட்டுவிட்டு.

நோட்டில் என் பதிவு இப்படி இருக்கிறது: பெட்டி, வால்வுக் காலத்தது, சேசிஸ், 1981 அக்டோபர் அல்லது அதற்குப் பின், பென்சில் குறிப்பு, "12" மட்டும் எஞ்சியது, மீதி என்னால் அழிந்தது.