கூவாத தங்கம்: டிடெக்டரில் மெல்லிய ஒலியைத் தவறவிடும் தவறுகள்

மெட்டல் டிடெக்டரோடு தங்கம் தேடக் கிளம்பும் புதியவர்கள் பலரும் 'பீப்' என்ற ஒரு சத்தத்துக்காகவே காத்திருக்கிறார்கள். ஆணியும் தகர டப்பாவும் அப்படித்தான் கூவும். குண்டுமணித் தங்கம் கூவாது. ஹெட்போனில் ஓடிக்கொண்டிருக்கும் ரீங்காரம் ஒரு கணம் லேசாக விம்மும், அல்லது கொஞ்சம் தாழும், அல்லது அறுந்து மறுபடி தொடரும். அவ்வளவுதான்.

1980-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்ற 27 கிலோ தங்கக் கட்டி டிடெக்டர் மூலம்தான் கிடைத்தது. அந்தக் கதை எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அதை மனதில் வைத்துத் தேடினால் காது தவறான சத்தத்துக்குப் பழகிவிடும். தேடுபவர்கள் கையில் சிக்குவதில் பெரும்பாலானவை ஒரு கிராம்கூடத் தேறாதவை. அவற்றை நாம் ஏன் கேட்காமல் போகிறோம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ரீங்காரத்தை அணைத்துவிடுவது

தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். த்ரெஷோல்டு என்பது டிடெக்டர் விடாமல் எழுப்பும் அடி ஒலி. "தலை வலிக்கிறது" என்று அதைச் சுத்தமாக இறக்கிவிடுகிறார்கள். இறக்கியபின், அந்த அளவைத் தாண்டும் வலுவான சமிக்ஞை மட்டுமே காதுக்கு வரும். அதற்குக் கீழே அசைவதெல்லாம் மௌனத்தில் கரைந்துவிடும். மாறாக, அதைச் சத்தமாக வைத்தாலும் சிறிய விம்மல் அதற்குள்ளேயே மூழ்கிப்போகும். தூரத்தில் கொசு பறப்பதுபோல் கேட்டும் கேட்காமலும் இருக்கும் அளவே சரி. காலையில் வைத்த அளவு மதியம் காற்று கிளம்பியதும் பொருந்தாது, காதும் களைத்திருக்கும். அவ்வப்போது திருத்திக்கொள்ளுங்கள்.

த்ரெஷோல்டு, வால்யூம், சென்சிட்டிவிட்டி மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. வால்யூம் சத்தத்தை மட்டும் மாற்றும். சென்சிட்டிவிட்டியோ கருவி எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறது என்பதையே மாற்றும். அதை உச்சத்தில் வைத்தால் ஆழம் கிடைக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. இரும்புத் தாது மிகுந்த மண்ணில் உச்ச சென்சிட்டிவிட்டி வைத்தால் ரீங்காரம் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்துக்கு நடுவே தங்கத்தின் சிறு நடுக்கத்தை யாரால் பிரித்தறிய முடியும்? ரீங்காரம் சீராகும்வரை ஒவ்வொரு படியாகக் குறைப்பதே நல்லது. காகிதத்தில் குறைவாகத் தெரியும் அந்த அளவில்தான் காதுக்கு அதிகம் கேட்கும்.

கையின் தவறு, காதின் நஷ்டம்

சிறிய பொருளிலிருந்து திரும்பும் சமிக்ஞை தூரத்தோடு பயங்கரமாகச் சரியும். காயிலின் (தரைமேல் வீசும் வட்டத் தட்டின்) அளவோடு ஒப்பிட்டால் ஆழம் கூடக்கூட, அந்தச் சரிவு தூரத்தின் ஆறாம் அடுக்கை நெருங்கும். அதாவது தூரம் இரண்டு மடங்கானால் சமிக்ஞை ஏறக்குறைய 64-இல் ஒரு பங்கு. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து நான் காயிலைத் தரையிலிருந்து தூக்குவதில்லை. வீச்சின் இரு முனைகளிலும் கை தானாக மேலேறும், ஊஞ்சல் ஆடுவதுபோல. அந்த இரண்டு விரல் உயரத்தில் ஒரு மெல்லிய ஒலி முழுதாகத் தொலைந்துபோகலாம். கல்லில் இடிக்காமல், தரையை ஒட்டியே காயிலை ஓட்டுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியையாவது மூடட்டும்.

வேகமும் அப்படித்தான். வேகமாக வீசினால் விம்மல் ஒரு 'டிக்' ஆகச் சுருங்கிவிடும், மனம் அதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். பல்ஸ் இண்டக்‌ஷன் (விட்டுவிட்டுக் காந்தத் துடிப்புகளை அனுப்பும்) வகைக் கருவிகளில் இன்னும் நிதானம் தேவை.

ஒருமுறை கேட்டுவிட்டு நடையைக் கட்டுவது

எனக்கு மனவருத்தம் தருவது இந்தத் தவறுதான். ஒலி கேட்கிறது, "மண் இரைச்சலாக இருக்கும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் நில்லுங்கள். அதே இடத்தில் சிறிய வீச்சாக நாலைந்து முறை ஓட்டுங்கள். பிறகு 90 டிகிரி திரும்பிக் குறுக்காக ஓட்டுங்கள். ஒலி அதே புள்ளியில் திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு மரியாதை கொடுங்கள். ஒரு திசையில் மட்டும் கேட்டாலும் உடனே கைவிட வேண்டாம்.

அடுத்தது, மேல்மண்ணை ஓரிரு விரல் ஆழம் சுரண்டி ஒதுக்கிவிட்டு மீண்டும் கேட்பது. உண்மையான உலோகமானால், நெருங்க நெருங்க ஒலி கூர்மையாகும், சத்தமும் கூடும். மண்ணின் தாதுத் திட்டு என்றால் பெரும்பாலும் அகன்று, மங்கலாகவே இருக்கும், அல்லது சுரண்டியதோடு மறைந்துவிடும். டிடெக்டரைக் கத்தவைக்கும் தாதுக் கற்களை 'ஹாட் ராக்' என்பார்கள். கல்லைக் காலால் தள்ளிப் பாருங்கள், ஒலியும் கூடவே போனால் குற்றவாளி அந்தக் கல். ஆனால் தள்ளிய கல்லுக்குள்ளேயே தங்கம் ஒட்டியிருக்கலாம் என்பதால், எறியும் முன் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

இங்கேதான் இரும்பைத் தவிர்க்கும் டிஸ்கிரிமினேஷன் வசதியும் ஏமாற்றும். தாது மிகுந்த மண்ணில், ஆழத்தில் கிடக்கும் சிறு தங்கத்தை விஎல்எஃப் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்கும்) கருவிகள் இரும்பு என்றே அடிக்கடி காட்டும். மெல்லிய ஒலியைத் தேடும் இடத்தில் டிஸ்கிரிமினேஷனை அணைத்துவிட்டு, சந்தேகமானதைத் தோண்டுவதே என் வழக்கம். துருப்பிடித்த கம்பிகள் நிறைய வரும், பழைய துப்பாக்கி ஈயக் குண்டுகளும் வரும். ஈயத்தின் ஒலி சிறு தங்கத்தின் ஒலியைப் போலவே இருக்கும், காது சரியான பாதையில் போகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

சில சிறு விஷயங்கள்

கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் தாது இரைச்சலுக்கேற்பக் கருவியைச் சரிசெய்வதை, காலையில் ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. மண்ணின் நிறம் மாறினாலோ, ஈரம் மாறினாலோ மறுபடி செய்யுங்கள். காதை முழுவதும் மூடும் ஹெட்போன் அவசியம். வயதாக ஆக உச்ச சுருதிகள் மங்கும், ஆகவே ஒலியின் சுருதியை மாற்றும் வசதி இருந்தால் உங்கள் காதுக்குத் தெளிவாகக் கேட்கும் சுருதிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். இரும்பு முனை வைத்த பூட்ஸ், பாக்கெட்டில் மொபைல் வேண்டாம்.

இத்தனையும் படித்தால் மட்டும் காது பழகாது. தூண்டிலில் கோக்கும் மிகச்சிறிய ஈயக் குண்டு ஒன்றை பிளாஸ்டிக் துண்டில் ஒட்டி, ஒலி முற்றிலும் மறையும் ஆழத்தில் புதையுங்கள். பிறகு ஒரு விரல் மேலே கொண்டுவந்து, அது கேட்கத் தொடங்கும் எல்லையில் வைத்து அரை மணி நேரம் வீசுங்கள். காற்றில் பிடித்துச் சோதிப்பது வேறு, மண்ணுக்குள் கேட்பது வேறு. களத்தில் தோண்டியதும் ஒலி குழியிலிருந்து மறைந்தால் அள்ளிய மண்ணிலும் வீசுங்கள். அதை பிளாஸ்டிக் அள்ளுகரண்டியில் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். கட்டி கிடைத்த பிறகும் குழியில் இன்னொருமுறை வீசுங்கள், இரண்டாவது துண்டு அங்கேயே கிடப்பதுண்டு.