முக்கியக் கோப்புகளை வெராகிரிப்ட் பெட்டகத்தில் பூட்டி வைப்பது எப்படி?

அடையாளச் சான்றுகள், வங்கி ஆவணங்கள், மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றின் ஸ்கேன் நகல்களுக்கு விண்டோஸ் கடவுச்சொல் மட்டுமே காவல் என்று இருந்துவிடக் கூடாது. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால், குறியாக்கம் செய்யாத, அதாவது கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றப்படாத கோப்புகளை எவரும் திறந்து படித்துவிடலாம்.

நான் பயன்படுத்துவது வெராகிரிப்ட். 2014இல் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளின் வழியில் வந்த இந்த இலவச மென்பொருளில் உருவாக்கிய பெட்டகத்தை (பல கோப்புகளை உள்ளே பூட்டி வைக்கும் ஒரு கோப்பு) விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் திறக்க முடிவதால், மற்றவற்றைவிட இதையே பரிந்துரைக்கிறேன்.

மென்பொருளை நிறுவியதும் ‘கிரியேட் வால்யூம்’ பொத்தானை அழுத்தி, முதல் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்துக் கோப்பின் பெயரைக் கேட்கும்போது புதிய பெயர் ஒன்றைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கோப்பைக் காட்டினால், அது பூட்டப்படாது, அழிக்கப்பட்டு அந்த இடத்தில் வெற்றுப் பெட்டகம் உருவாகும். குறியாக்க முறையை ஏஇஎஸ் என்றே விட்டுவிட்டு, பெட்டகத்தின் அளவையும் குறைந்தது 20 எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லையும் கொடுங்கள். கீழே உள்ள பட்டை பச்சையாக நிரம்பும் வரை மவுஸை இங்குமங்கும் அசைத்த பிறகு ‘ஃபார்மட்’ அழுத்துங்கள்.

இனி முகப்புத் திரையில் டிரைவுக்கான ஓர் எழுத்தையும் பெட்டகக் கோப்பையும் தேர்ந்து ‘மவுன்ட்’ செய்தால், அது புதிய டிரைவாகத் தோன்றும். வேலை முடிந்ததும் மறவாமல் ‘டிஸ்மவுன்ட்’ செய்யுங்கள். புதிய பதிப்புகளில் இதன் பெயர் ‘அன்மவுன்ட்’.

நான் இடறியது இதற்குப் பிறகுதான். பெட்டகத்தில் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் காப்பு நகலைத் திறந்தபோது அதில் முதல் நாள் வைத்தவை மட்டுமே இருந்தன. உள்ளே எதை மாற்றினாலும் பெட்டகக் கோப்பின் தேதியை வெராகிரிப்ட் பழையபடியே வைத்திருக்கும்; தேதியைப் பார்த்து நகலெடுக்கும் மென்பொருள், எதுவும் மாறவில்லை என்று எண்ணி அதைத் தாண்டிச் சென்றுவிடும். ‘செட்டிங்ஸ்’ பகுதியின் ‘பிரிஃபரன்சஸ்’ பக்கத்தில், கோப்பின் நேரமுத்திரையைக் காக்கும் தேர்வில் உள்ள டிக் குறியை இன்றே எடுத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: பெரிய வீடியோவைப் பெட்டகத்துக்குள் நகலெடுக்க முடியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெட்டகம் ஃபேட் கோப்பு முறையில் (டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறை) அமைந்திருந்தால், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு அடங்காது. அத்தகைய கோப்புகள் இருந்தால், ஃபார்மட் திரையிலேயே எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுத்துப் புதிய பெட்டகம் ஒன்றை உருவாக்கி, பழையதில் இருப்பவற்றை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.