கனடாவுக்கு வந்தவர்கள் எந்த ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டும்?

தேர்வுக்குப் பணம் கட்டுமுன், அது நிரந்தர வதிவிடத்துக்கா, குடியுரிமைக்கா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். குடியுரிமை கோரும் 18 முதல் 54 வயதுக்குட்பட்டவர்கள் கேட்டலிலும் பேசுதலிலும் மட்டும் கனடிய மொழி அளவுகோலின் 4ஆம் நிலையைக் காட்டினால் போதும். லிங்க் எனப்படும் அரசின் இலவச மொழி வகுப்பில் அந்த நிலையை முடித்த சான்றிதழோ, உயர்நிலைப் பள்ளிக் கல்வியையோ அதற்கு மேற்பட்ட படிப்பையோ ஆங்கிலத்தில் முடித்ததற்கான ஆவணமோ கையிலிருந்தால் தனியே தேர்வு எழுதவே தேவையில்லை. இது தெரியாமல் நம்மவர்கள் வீணாகப் பணம் கட்டிவிடக் கூடாது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடிவரவுத் திட்டத்தின் வழியாக நிரந்தர வதிவிடம் கோருபவர்களுக்கோ கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு திறன்களும் வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுவதானால் ஜெனரல் டிரெய்னிங் பிரிவையே தேர்ந்தெடுங்கள். பல்கலைக்கழகத்துக்காக எழுதிய அகாடமிக் முடிவு இங்கே செல்லாது. செல்பிப் ஜெனரல், பி.டி.இ. கோர் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளும் ஏற்கப்படுகின்றன.

ஐ.இ.எல்.டி.எஸ். கேட்டல் பகுதி ஏறத்தாழ 30 நிமிடம், 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். ஒருவர் தம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வார், தொலைபேசி எண்ணில் 'டபுள் செவன்' என்பார், சொன்ன தேதியை அடுத்த வாக்கியத்திலேயே மாற்றுவார். முதலில் காதில் விழுந்ததை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனவருக்கு மதிப்பெண் போய்விடும். இரண்டு சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது என்றிருக்கும் இடத்தில் மூன்று எழுதினாலும், எழுத்துப்பிழை விட்டாலும் அதே கதிதான்.

வாசித்தலுக்கு ஒரு மணி நேரம். எழுதுதலுக்கும் ஒரு மணி நேரம்தான். அதில் 150 சொற்களுக்குக் குறையாத கடிதமும் 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரையும் எழுத வேண்டும். கட்டுரைக்குக் கடிதத்தைவிட இரு மடங்கு மதிப்பு என்பதால், அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள்.

பேசுதலில்தான் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸும் செல்பிப்பும் பெரிதும் வேறுபடுகின்றன. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் தேர்வாளருடன் 11 முதல் 14 நிமிடம் உரையாட வேண்டும். செல்பிப்பில் எதிரே ஆள் கிடையாது, திரையில் நேரம் குறைந்துகொண்டே வர, ஒலிவாங்கியை நோக்கி எட்டுப் பணிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நண்பருக்கு அறிவுரை கூறும் முதல் பணியில் யோசிக்க 30 விநாடி, பேச 90 விநாடி. முகம் பார்த்துப் பேசினால்தான் பேச்சு வரும் என்பவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸையும், தேர்வாளர் முன் நா உலர்பவர்கள் செல்பிப்பையும் எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

மொத்தச் சராசரியைப் பார்த்து மனம் நிறைந்துவிடாதீர்கள். குடிவரவுத் துறை ஒவ்வொரு திறனையும் தனித்தனியே கணக்கிடுகிறது. கனடிய மொழி அளவுகோலின் 9ஆம் நிலைக்கு ஐ.இ.எல்.டி.எஸ். கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும், கேட்டலில் 8.5 பெற்றவரும் எழுதுதலில் 6.5 என்றால் அந்தத் திறனில் 8ஆம் நிலையில்தான் நிற்பார். முடிவுகள் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளிலும் அவை காலாவதியாகாமல் இருக்கும்படி தேர்வுத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.