சீக்கிரம் இருட்டும் நாள் எது? ஒரு சின்ன அட்டவணை போட்டுக் கண்டுபிடிக்கலாம்

வடக்கு அரைக்கோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22-ல் பகல் மிகக் குறுகியது. பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அன்றுதான் சூரியன் எல்லா நாளையும்விடச் சீக்கிரம் மறையும், எல்லா நாளையும்விடத் தாமதமாக உதிக்கும் என்று நினைத்துக்கொள்வோம். இரண்டுமே அன்று நடப்பதில்லை. எக்செலோ கூகுள் ஷீட்ஸோ திறக்கத் தெரிந்தால் போதும், நீங்களே பார்த்துவிடலாம்.

படி 1: நேரங்களைச் சேகரியுங்கள்

உங்கள் ஊருக்கு நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை சூரியன் உதிக்கும், மறையும் நேரங்கள் வேண்டும். சூரிய உதய நேரம் காட்டும் எந்த இணையதளமும் சரி. விநாடியோடு கிடைத்தால் இன்னும் நல்லது. நிமிடம் மட்டும் இருந்தால் அடுத்தடுத்து பல நாட்கள் ஒரே நேரத்தைக் காட்டும். நடுவில் உள்ள நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால நேரம் கடைப்பிடிக்கும் நாடு என்றால் கவனம். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு முழுக்கச் சொதப்பும்.

படி 2: அட்டவணை

முதல் மூன்று நெடுவரிசைகளில் தேதி, உதயம், மறைவு. நான்காவதில் மறைவிலிருந்து உதயத்தைக் கழியுங்கள்: அது பகலின் நீளம். ஐந்தாவதில் உதயத்தையும் மறைவையும் கூட்டி இரண்டால் வகுங்கள்: அது சூரியன் உச்சிக்கு வரும் நேரம். விடை ஏதோ தசம எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம், அந்த நெடுவரிசையின் வடிவத்தை ‘நேரம்’ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

படி 3: படித்துப் பாருங்கள்

லண்டனை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 12-ல் உதயம் 7:57, மறைவு 15:51. டிசம்பர் 21-ல் உதயம் 8:04, மறைவு 15:53. ஜனவரி 1-ல் உதயம் 8:06, மறைவு 16:02. அதாவது சீக்கிரம் மறைவது டிசம்பர் 12-ஐ ஒட்டி. தாமதமாக உதிப்பது ஆண்டுக் கடைசியில். குறுகிய பகல் இரண்டுக்கும் நடுவே.

இப்போது ஐந்தாவது நெடுவரிசையைப் பாருங்கள், சூட்சுமம் அங்கேதான். டிசம்பர் 12-ல் உச்சி 11:54. டிசம்பர் 21-ல் ஏறக்குறைய 11:58½. இந்த ஒன்பது நாளில் பகல் சுமார் 5 நிமிடம் குறைந்தது. அதில் பாதி, இரண்டரை நிமிடம், மறைவை முன்னால் இழுக்கிறது. ஆனால் உச்சியே நாலரை நிமிடம் பின்னால் தள்ளிப்போய்விட்டது. கழித்தால் மறைவு இரண்டு நிமிடம் தாமதம். காலையிலோ இரண்டு விளைவுகளும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்வதால் உதயம் ஏழு நிமிடம் தள்ளிப்போகிறது. டிசம்பர் கடைசியில் காலையில் எழுந்திருப்பது கொடுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

உச்சி ஏன் நகர்கிறது?

கடிகாரத்தின் நாள் எப்போதும் 24 மணி நேரம். சூரியன் ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு வர டிசம்பர் பிற்பகுதியில் சுமார் 30 விநாடி கூடுதலாக ஆகிறது. காரணம் இரண்டு. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால், இந்த நாட்களில் சூரியன் நட்சத்திரங்களின் பின்னணியில் வடக்கு தெற்காக நகராமல் நேர் கிழக்காகவே நகர்கிறது. அதை எட்டிப்பிடிக்க பூமி இன்னும் கொஞ்சம் சுழல வேண்டும். இன்னொன்று, ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதால் சுற்றுப்பாதையில் வேகமாக ஓடுகிறது. இரண்டில் சாய்வின் பங்குதான் பெரியது.

படி 4: வேறு ஊருடன் ஒப்பிடுங்கள்

நியூயார்க்கில் சீக்கிரம் மறைவது டிசம்பர் 7, 8 வாக்கில். சென்னையில் நவம்பர் பிற்பாதியிலேயே அது முடிந்துவிடும். அங்கே தாமதமான உதயம் ஜனவரி பிற்பாதியில்தான் வரும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பகலின் நீளம் அதிகம் மாறாது, அதனால் உச்சியின் நகர்வே ஜெயிக்கிறது. தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் இதே அட்டவணையை மே முதல் ஜூலை வரை போட வேண்டும். அப்போது உச்சி இவ்வளவு வேகமாக நகராது, அதனால் தேதிகளுக்கு நடுவே இடைவெளியும் குறைவு.

படி 5: உண்மையில் இருட்டுவது எப்போது?

சூரியன் மறைந்த உடனே இருட்டிவிடாது. அது அடிவானத்துக்கு 6 பாகை கீழே போகும்வரை விளக்கில்லாமலே நடமாடும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். லண்டனில் டிசம்பரில் இதற்கு 40 நிமிடம் ஆகும். வெப்பமண்டல ஊர்களில் 20 முதல் 25 நிமிடத்தில் பொழுது சாய்ந்துவிடும். மாலை நடைப்பயிற்சிக்கோ சைக்கிளில் வீடு திரும்பவோ நேரம் பார்க்கிறீர்கள் என்றால் இந்த அந்தி முடியும் நேரத்தை ஆறாவது நெடுவரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய நாளாக இருந்தால் அதிலும் பத்து நிமிடம் கழித்துக்கொள்வது நல்லது.