பாயிண்ட் கார்டாக ஆட விரும்புவோருக்கு: ஸ்டீவ் நாஷின் ஆட்டத்திலிருந்து பயிலும் முறை

கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுசென்று அணியின் தாக்குதலை வழிநடத்துபவர், இடத்துக்கு வர விரும்பும் இளையவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் கண்ணைப் பறிக்கும் பாஸையும்தான் முதலில் பழகத் தொடங்குகிறார்கள். அவை பின்னால் வர வேண்டியவை. முதலில் பழக வேண்டியது ஒரு வகைப் பொறுமை. பந்தைத் தட்டுவதை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தியபடி, எதிரணியினர் எந்தப் பக்கம் நகரப் போகிறார்கள் என்பது தெரியும் வரை தன் முடிவைத் தள்ளிப்போடும் பொறுமை அது. இதை யாரிடம் பார்த்துக் கற்பது என்று கேட்டால் நான் தயங்காமல், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் பாயிண்ட் கார்டாக ஆடிய கனடிய வீரர் ஸ்டீவ் நாஷின் பெயரைச் சொல்வேன்.

காரணம் எளிது. நாஷிடம் இருந்தவற்றில் பெரும்பகுதி பயிற்சியால் அடையக்கூடியது. அவருடைய உயரம் ஆறடி மூன்று அங்குலம். என்பிஏ ஆட்டக்காரர்களின் நடுவே அது குள்ளம் என்றே சொல்லத்தக்கது. எம்பிக் குதிப்பதிலும் அவர் பேர் பெற்றவரல்லர். 1974இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, கனடாவின் விக்டோரியா நகரில் கால்பந்து ஆடும் குடும்பத்தில் வளர்ந்த அவர், பன்னிரண்டு பதின்மூன்று வயதில்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபோது உதவித்தொகையுடன் இடம் தர முன்வந்த அமெரிக்கக் கல்லூரி, கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பல்கலைக்கழகம் ஒன்றுதான்.

அங்கே அவர் வகுப்புக்கு நடந்து போகும்போதே டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டு போவார் என்பது பலரும் அறிந்த செய்தி. நீங்கள் தொடங்க வேண்டியதும் அங்கேதான். டென்னிஸ் பந்து உள்ளங்கையில் தங்காது. விரல் நுனிகளால் மட்டுமே அதை ஆள முடியும், அழுத்தம் சற்றுப் பிசகினாலும் விலகி ஓடிவிடும். முதலில் நின்ற இடத்திலேயே, முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாதபடி, வலக்கையால் சில நிமிடங்களும் இடக்கையால் அதைவிடச் சற்று அதிக நேரமும் தட்டிப் பழகுங்கள். பார்வை எதிர்ச் சுவரில் இருக்கட்டும். அது கைவந்த பின் நடந்துகொண்டு தட்டுங்கள். பிறகு ஒரு நண்பரை முன்னால் நிறுத்தி, அவர் காட்டும் விரல்களின் எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். எண்ணிக்கை தவறினாலோ பந்து தவறினாலோ மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்படிப் பழகிய கைக்குக் கூடைப்பந்து பெரிதாகவும் அடக்கமாகவும் தெரியும். அதைவிட முக்கியமாக, கண் பந்திடமிருந்து விடுதலை பெறும்.

அடுத்தது பாஸ். மார்புக்கு முன் இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்து அனுப்பும் பாஸை எல்லாப் பயிற்சியாளர்களும் கற்றுத் தருகிறார்கள், அது தேவைதான். ஆனால் நாஷ் பெரும்பாலும் பந்து தரையிலிருந்து எழும்பி வரும் வேகத்திலேயே, இன்னொரு கை அதைத் தொடுவதற்கு முன்பே, ஒற்றைக் கையால் தள்ளிவிடுவார். இதனால் மிச்சமாவது அரை நொடிக்கும் குறைவான நேரம்தான், ஆனால் தடுப்பவர் கையை நீட்டுவதற்கு அந்த அளவு நேரம்தான் தேவைப்படுகிறது. ஒரு சுவரில் இடுப்பு உயரத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளமிட்டு, ஓடி வரும் போக்கிலேயே இடக்கையாலும் வலக்கையாலும் அதைத் தாக்கிப் பழகுங்கள். இடக்கை சரியாக வராததால் இடப்பக்கம் போவதையே தவிர்க்கும் பாயிண்ட் கார்டைத் தடுப்பது எதிரணிக்கு மிகவும் எளிது.

இனி, இந்த வேலையின் உயிர்நாடியான பிக் அண்ட் ரோல். உயரமான சக வீரர் ஒருவர் வந்து உங்களைத் தடுப்பவரின் வழியில் அசையாமல் நிற்கிறார். நீங்கள் அவரை ஒட்டிச் செல்ல, உங்களைத் தடுப்பவர் அவர் மீது மோதிப் பின்தங்குகிறார். பிறகு அந்த உயர வீரர் திரும்பி வளையத்தை நோக்கி ஓடுகிறார். இவ்வளவுதான் அமைப்பு. பெரும்பாலான இளையவர்கள் தவறு செய்வது முதல் நொடியில்: சக வீரர் கால் ஊன்றி நிற்பதற்கு முன்பே புறப்பட்டுவிடுகிறார்கள். அவரோ அவசரத்தில் நகர்ந்தபடியே மறிக்கிறார், தவறு அவர் கணக்கில் சேர்கிறது. ஆகவே அவர் நிலைத்து நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு உங்கள் தோள் அவருடைய இடுப்பை உரசிச் செல்லும் அளவுக்கு நெருங்கிப் போங்கள். இடையில் ஓர் ஆள் நுழைய இடம் விட்டால் மறித்ததற்கே பொருளில்லாமல் போய்விடும்.

திரும்பியவுடன் பார்க்க வேண்டியது உங்களைத் தடுத்தவரை அல்ல, உங்கள் உயர வீரரைத் தடுக்க வேண்டிய இரண்டாவது ஆளை. அவர் பின்வாங்கி வளையத்தின் கீழ் நின்றால், ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்தால் தரப்படும், யாரும் தடுக்காத எறிவு) கோட்டருகே உங்களுக்கு ஷாட் திறந்திருக்கிறது. அவர் முன்னேறி உங்கள் மீது பாய்ந்தால், அவர் விட்டு வந்த இடத்துக்குள் ஓடும் சக வீரருக்குத் தரையில் ஒரு முறை பட்டு எழும் பாஸ் போக வேண்டும். அந்த ஓட்டத்தை மறிக்க மூலையிலிருந்து மூன்றாவது ஆள் உள்ளே வந்தால், அவர் கைவிட்ட மூலையில் நிற்பவர் மூன்று புள்ளி ஷாட்டுக்குத் தனியாக இருக்கிறார். முதல் தடுப்பவரே மறிப்பவருக்கு அடியில் புகுந்து குறுக்கே வர முயன்றால், நீங்கள் அங்கேயே நின்று வெளிக்கோட்டிலிருந்து எறியலாம். நாஷ் இதில் சேர்த்த நுணுக்கம் வேகத்தைக் குறைப்பது. மறிப்பைக் கடந்ததும் ஓடாமல் சற்றே தணிந்து, பின்னால் வரும் தடுப்பவரைத் தம் முதுகிலேயே சிக்க வைத்துக்கொள்வார். அந்த ஆள் முன்னால் வரவும் முடியாது, உதவி கேட்டு விலகவும் முடியாது. எதிரில் இருக்கும் உயரக்காரர் அந்த நேரத்தில் ஒற்றை ஆளாக இருவரையும் காவல் காக்க வேண்டியதாகிறது.

எதுவுமே திறக்கவில்லை என்றால் என்ன செய்வது? இங்கேதான் நாஷின் பெயராலேயே வழங்கும் அந்த அசைவு வருகிறது. வளையத்தின் அருகில் போய் வழி அடைபட்டதும் பலரும் பந்தை இரண்டு கைகளாலும் பிடித்துவிடுவார்கள். பிடித்த பிறகு மீண்டும் தட்ட விதி இடம் தராது. பாஸ் அல்லது ஷாட், இரண்டே வழிகள். அது தெரிந்த எதிரணியினர் நாற்புறமும் நெருங்குவார்கள். நாஷ் பந்தைப் பிடிக்காமல், பலகைக்கு அடியிலேயே எல்லைக் கோட்டை ஒட்டித் தட்டிக்கொண்டு போய் மறுபக்கம் வெளியே வருவார். அவர் போகும் பாதைக்கு ஏற்பத் தடுப்பவர்களின் தலைகள் திரும்பும். திரும்பிய தலைகளுக்குப் பின்னால் யாராவது ஒரு சக வீரர் காலியிடத்தில் நுழைவார். இதைப் பழக, மூவருக்கு மூவராக ஆடும் பயிற்சியில் ஒரு விதி வையுங்கள்: பந்தைக் கொண்டு செல்பவர் பாஸையோ ஷாட்டையோ தொடங்கிவிட்ட நிலையைத் தவிர வேறு எப்போது பந்தை நிறுத்திப் பிடித்தாலும் அது எதிரணிக்குப் போய்விடும். முதல் சில நாள்கள் எரிச்சலாக இருக்கும். பிறகு கை தானாகவே பந்தை உயிரோடு வைத்திருக்கும்.

பாஸ் செய்யத் தெரிந்தால் போதும், ஷாட் பிறர் வேலை என்ற எண்ணம் முழுத் தவறு. உங்கள் ஷாட்டுக்கு அஞ்சினால்தான் இரண்டாவது ஆள் முன்னே வருவார். அவர் வந்தால்தான் பாஸுக்கு வழி பிறக்கும். ஒரே பருவத்தில் களத்து ஷாட்டுகளில் 50, மூன்று புள்ளி ஷாட்டுகளில் 40, ஃப்ரீ த்ரோவில் 90 சதவீதத்தை எட்டுவது மிக அரிதான செயல். நாஷ் அதை நான்கு பருவங்களில் செய்தார். ஃப்ரீ த்ரோவில் அவருடைய வாழ்நாள் சராசரி 90.4 சதவீதம், ஓய்வு பெற்றபோது என்பிஏ வரலாற்றிலேயே அது முதலிடம். நடுவர் பந்தைத் தருவதற்கு முன், வெறுங்கையால் அதே ஷாட்டை ஓரிரு முறை எறிந்து பார்ப்பது அவர் வழக்கம். நீங்களும் அதைப் பின்பற்றலாம். ஆனால் ஃப்ரீ த்ரோவை ஓய்வாக நின்று மட்டும் பழகாதீர்கள். மைதானத்தை இரு முறை முழு வேகத்தில் ஓடிவந்து, மூச்சு வாங்கும்போதே இரண்டு எறியுங்கள், மீண்டும் ஓடுங்கள். 1993இல் கல்லூரிப் போட்டித் தொடரில், பதினைந்தாம் தரவரிசையில் இருந்த சான்டா கிளாரா இரண்டாம் தரவரிசையில் இருந்த அரிசோனாவை 64–61 என்று வீழ்த்தியபோது, கடைசி அரை நிமிடத்தில் நாஷ் தொடர்ந்து ஆறு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டார். அவை களைத்த கால்களோடு எறிந்தவை.

இவ்வளவும் கைவந்த பின்னும் வாய்ப்பு உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 1996இல் என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் பீனிக்ஸ் சன்ஸ் அணி நாஷைப் பதினைந்தாவதாகத் தேர்ந்தெடுத்தபோது உள்ளூர் ரசிகர்கள் அதிருப்திக் குரல் எழுப்பினார்கள். அங்கே கெவின் ஜான்சன், ஜேசன் கிட் போன்றவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் அமர்ந்திருந்தார். 1998இல் டல்லஸ் மேவரிக்ஸ் அணிக்குப் போன முதல் பருவத்தில் முதுகு வலியும் குறி தவறும் ஷாட்டுகளுமாகச் சொந்த அரங்கிலேயே கூச்சலுக்கு ஆளானார். பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு முதன்முறை தேர்வானது 2002இல், தொழிலுக்கு வந்து ஆறாவது பருவத்தில். பெஞ்சில் இருக்கும் காலத்தில் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உங்கள் இடத்தில் ஆடுபவர் எந்த நொடியில் பாஸ் செய்கிறார், அப்போது யாருடைய கால் எந்தப் பக்கம் இருந்தது என்று கவனியுங்கள். மூத்தவர்களுக்குப் பின்னால் காத்திருக்கும் காலம் வீணாகாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அணியும் பயிற்சியாளரும் பொருந்துவது இந்தத் தொழிலில் பாதி. 2004இல் முப்பது வயதான நாஷுக்கு சன்ஸ் தந்த நீண்ட ஒப்பந்தத்தை டல்லஸ் தர முன்வரவில்லை. பீனிக்ஸில் பயிற்சியாளர் மைக் டான்டோனி, எதிரணி அடுக்கி நிற்பதற்குள் ஷாட்டை எறிந்துவிட வேண்டும் என்று விரும்பியவர். வளையத்தை நோக்கி ஓட அமாரே ஸ்டாடமயரும் மூலைகளில் நிற்கக் குறி தவறாத எறிவீரர்களும் இருந்தார்கள். அதே பருவத்தில் வெளிவட்டத்தில் கை வைத்துத் தடுப்பதை என்பிஏ கண்டிப்போடு தவறாக்கியதும் உதவியது. முந்தைய ஆண்டு 29 வெற்றி பெற்ற அணி 62 வெற்றி பெற்றது. 2005இலும் 2006இலும் நாஷ் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். ஒப்பந்தத் தொகையை மட்டும் பார்த்து அணியைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் இந்தப் பொருத்தத்தை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகெலும்பின் ஒரு கண்ணி நழுவும் குறைபாடு நாஷுக்கு இருந்தது. ஆட்டத்தின் நடுவே வெளியே வந்தால் அவர் நாற்காலியில் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் முதுகு இறுகிவிடும் என்பதால் களத்தின் ஓரத்தில் தரையிலேயே மல்லாந்து படுத்துக்கொள்வார். கோடிக்கணக்கானோர் பார்க்கிறார்களே என்று அவர் கூசவில்லை. உணவிலும் உடற்பயிற்சியிலும் அவர் கடைப்பிடித்த கண்டிப்பினால்தான் 37 வயதிலும் அசிஸ்டுகளில் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்த பாஸ்களில்) என்பிஏவில் முதலிடம் பெற முடிந்தது. இளம் வயதிலேயே வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளை வலுப்படுத்துங்கள்; வலி வந்தால் மறைக்காமல் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாஷைப் பார்த்துக் கற்கக் கூடாத ஒன்றும் உண்டு, அது தடுப்பாட்டம். வேகமான கார்டுகள் அவரைத் தாண்டிச் சென்றார்கள்; அணி அதை மூடி மறைக்க வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தை கிறிஸ் பாலிடமோ ஜேசன் கிட்டிடமோ கற்றுக்கொள்ளுங்கள். நாஷ் ஒருமுறை கூட இறுதிச் சுற்றுத் தொடரில் ஆடவில்லை என்பதும் உண்மை.

கடைசியாக ஒரு பயிற்சி. 2005ஆம் ஆண்டு அரையிறுதிக்கு முந்தைய சுற்றில் டல்லஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தையும் ஆறாவது ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நான்காவதில் டல்லஸ் வீரர்கள் மூலைகளை விட்டு நகரவே இல்லை. நீயே எறிந்துகொள் என்று நாஷுக்கு வழிவிட்டார்கள். அவர் 48 புள்ளிகள் எடுத்தார், அசிஸ்ட் ஐந்துதான், அணி தோற்றது. ஆறாவதில் 39 புள்ளிகளோடு 12 அசிஸ்டுகளும் வந்தன. முடிய ஆறு நொடிகளே இருந்த நிலையில் மூன்று புள்ளி ஷாட் ஒன்றால் ஆட்டத்தைச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 130–126 என்று வென்று தொடரையும் முடித்தார்கள். ஒரு பிக் அண்ட் ரோல் தொடங்கும்போதெல்லாம் காட்சியை நிறுத்தி, இரண்டாவது ஆள் எங்கே நிற்கிறார், மூலையில் இருப்பவரின் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு காட்சியை ஓடவிட்டு நாஷ் என்ன செய்தார் என்று பாருங்கள்.